முடிவைச் சொல்லக் கூடாதா? துப்பறியும் நாவலை வாசிப்பதும் மதிப்புரை எழுதுவதும்

1

துப்பறியும் நாவல் பற்றி நம் சூழலில் பெரும்பாலும் இரண்டு விதமான பேச்சுகள்தான் காதில் விழுகின்றன. 'அதெல்லாம் பஸ் ஸ்டாண்டு சரக்கு, அதைப் பத்தி எழுத என்ன இருக்கு?' என்பது ஒன்று. 'விறுவிறுப்பா இருந்தது, பொழுது போச்சு, அதோட விடுங்க' என்பது இன்னொன்று. முதல் பேச்சு தீவிர இலக்கியவாதியுடையது. இரண்டாவதும் பல சமயம் அவருடையதேதான், ரயில் பயணத்தின்போது. இரண்டிலும் நடப்பது ஒன்றே: நாவல் வாசிக்கப்படாமலேயே தள்ளுபடியாகிறது.

இதை மீறி மதிப்புரை எழுதுகிறவர்கள் ஒரு மரியாதையைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். பிணம் எங்கே கிடந்தது, யார் யார் மீது சந்தேகம், துப்பறிபவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிக்கொண்டு வந்து, சரியான இடத்தில் நிறுத்திவிடுவார்கள். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தின் கீழே 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருக்குமே, அதேதான். கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டால் வாசகனின் இன்பம் கெட்டுவிடும் என்பது வாதம். புத்தகம் விற்கிறவர் இப்படிச் சொன்னால் நியாயம். விமர்சகர் ஏன் சொல்ல வேண்டும்?

ஒரு துப்பறியும் நாவல் சமூகத்தைப் பற்றித் தன் தீர்ப்பைச் சொல்லும் இடம் அதன் கடைசி அத்தியாயம். யார் குற்றவாளி, யார் அப்பாவி, எது ஆதாரம், யாருடைய பேச்சு பொய் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. அந்த அத்தியாயத்தைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்ட விமர்சனம், சாமியறையைப் பூட்டி வைத்துவிட்டு வீடு முழுக்கச் சோதனை போட்ட கதையாகத்தான் முடியும். துப்பறியும் நாவலை விமர்சிப்பது என்றால் அதன் முடிவை விமர்சிப்பதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதில் ஐந்தாறு நாவல்களின் முடிவுகள் பேசப்படுகின்றன. வேண்டாம் என்பவர்கள் அவற்றைப் படித்துவிட்டு வரலாம்.

2

துப்பறியும் நாவலுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன என்று 1966இல் டோடோரோவ் விளக்கினார். ஒன்று குற்றத்தின் கதை. நாவல் தொடங்கும்போதே அது நடந்து முடிந்துவிட்டது, நம் கண்முன் இல்லை. மற்றது விசாரணையின் கதை. நாம் வாசிப்பது இதைத்தான். இரண்டாவது கதையின் வேலை, இல்லாத முதல் கதையைக் கட்டி எழுப்புவது.

இதிலிருந்து இன்னொரு அடி எடுத்து வைக்கலாம். விசாரணையின்போது ஒவ்வொரு பாத்திரமும் ஒரு கதை சொல்கிறது. தோட்டக்காரர் ஒன்று சொல்கிறார், மருமகள் ஒன்று, குடும்ப வைத்தியர் ஒன்று. கடைசி அத்தியாயம் வரை இந்தக் கதையாடல்கள் ஏறக்குறைய ஒரே அந்தஸ்தில் நிற்கின்றன. பிறகு துப்பறிபவர் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி உட்கார வைத்துத் தன் கதையைச் சொல்கிறார். அந்தக் கணத்தில் மற்ற எல்லாக் கதைகளும் பொய்யாகவோ, பொருட்படுத்தத் தேவையற்ற உளறலாகவோ ஆகிவிடுகின்றன. பல குரல்களில் ஒன்றுக்கு மட்டும் 'உண்மை' என்ற பட்டம் கட்டப்படுகிறது. இது எப்படி நடக்கிறது, எந்த அதிகாரத்தின் பேரில் நடக்கிறது என்பதே மதிப்புரையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை'யை எடுத்துக்கொள்வோம். கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். அன்று கிளம்பிய சண்டை 'இது நியாயமான ஆட்டமா?' என்பது பற்றியது: கதைசொல்லியே வாசகனை ஏமாற்றலாமா? 1945இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்ற பொருளில் தலைப்பிட்டு இந்த வகை எழுத்தையே ஒதுக்கித் தள்ளினார். ஆனால் 1998இல் பிரெஞ்சு விமர்சகர் பியர் பயார் வேறொன்று செய்தார். போய்ரோவின் கடைசிப் பேச்சை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தார். போய்ரோ அடுக்குவது ஊகங்களை. நிரூபணம் என்று எதுவும் இல்லை. அதே தடயங்களை வைத்து டாக்டரின் சகோதரி கரோலினைக் கொலையாளி என்று சொல்ல முடியும் என்று காட்டினார். பயாரின் முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் செய்த வேலைதான் முக்கியம். ஆசிரியரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தீர்ப்பையும் மேல்முறையீடு செய்யலாம் என்று அவர் காட்டினார். முடிவைச் சொல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

3

'இருந்தாலும் முடிவு தெரிஞ்சா சுவாரஸ்யம் போயிடுமே' என்பவர்களுக்கு நம்மிடமே பதில் இருக்கிறது. விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவனுக்குக் கர்ணன் செத்துப்போவது தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறான். இதைவிட நேரான எடுத்துக்காட்டு சிலப்பதிகாரம். அதன் பதிகம் கோவலன் கொலையுண்டது, மதுரை எரிந்தது, கண்ணகி வானேறியது என எல்லாவற்றையும் காவியம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறது. பதிகம் பிற்சேர்க்கை என்போர் உண்டு. அப்படியே இருந்தாலும், முடிவை முன்னால் வைப்பதில் சேர்த்தவருக்கும் படித்தவருக்கும் எந்த நஷ்டமும் தெரியவில்லை.

சிலம்பை ஒரு குற்றக் கதையாக வாசித்துப் பாருங்கள். திருடன் வேறொருவன், அது நமக்குத் தெரியும். அப்படியானால் எதை நோக்கி வாசிக்கிறோம்? ஒரு பொய் எப்படி அரச நீதியாக மாறுகிறது என்பதை நோக்கி. அரசனின் ஆணையிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமானால். அந்த 'இருக்குமானால்' கடைசி வரை சோதிக்கப்படவேயில்லை. கொலைக்களத்தில் காவலர்கள் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு களவு நூலை எடுத்து விடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்களுக்கு எட்டுத் துணைகள் உண்டு என்று பட்டியல் போடுகிறான். ஆதாரம் கேட்ட இடத்தில் அவன் தருவது நிபுணத்துவம். திருடனைப் போலத் தெரியாமல் இருப்பதே திருடனின் இலக்கணம் என்று ஆகிவிட்ட பிறகு கோவலன் எதைச் சொல்லித் தப்ப முடியும்? அவன் பேசவே இல்லை. கல்லாக் களிமகன் ஒருவன் வாளை ஓங்குகிறான்.

பிறகு வழக்குரை காதை. தேவியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள் கண்ணகி. தடயம், ஒப்பீடு, நிரூபணம் என்று துப்பறியும் நாவல் பெருமைப்பட்டுக்கொள்ளும் எல்லாமே அதில் இருக்கின்றன, ஆனால் தண்டனை நிறைவேறிய பிறகு. முன்கூட்டியே முடிவைத் தெரிந்துகொண்ட வாசகன்தான் இந்தத் தாமதத்தின் கொடூரத்தை முழுதாக உணர்கிறான்.

4

அப்படியானால் துப்பறியும் நாவலுக்கு மதிப்புரை எழுதும்போது எதையெல்லாம் கேட்பது? நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன்.

முதலாவது: குற்றம் எங்கே தொடங்குவதாக நாவல் சொல்கிறது? வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' (1868) யார்க்ஷையரில் ஒரு பணக்கார வீட்டில் வைரம் காணாமல் போன கதை. ஆனால் அந்த வைரம் அங்கே எப்படி வந்தது? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து கொள்ளையடித்தது. இதை நாவலின் முன்னுரைப் பகுதியே சொல்கிறது. கடைசியில் வைரம் சோமநாதத்துக்குத் திரும்புகிறது. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு முன்னால் ஒரு பேரரசின் திருட்டு இருக்கிறது. 'திருடியது காட்ஃப்ரே' என்பதை மறைத்துக் காப்பாற்றும் மதிப்புரை, இந்த இரண்டு திருட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பேசும் வாய்ப்பை இழக்கிறது. ஊருக்கெல்லாம் தர்மகாரியம் செய்பவராக வலம் வரும் காட்ஃப்ரே திருடனாக இருப்பதும், சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வந்த வேலைக்காரப் பெண் ரோசன்னா சந்தேகத்தைச் சுமந்து புதைமணலில் சாவதும் தற்செயல் அல்ல.

இரண்டாவது: தடயம் எப்படித் தடயமாகிறது? கைரேகையைப் பாருங்கள். நாவல்களில் அது அறிவியலின் நடுநிலையான சாட்சி. வரலாற்றில் அது வங்கத்தின் காலனிய நிர்வாகத்தில் வளர்ந்தது. 1858இல் ஹூக்ளிப் பகுதியில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு அமைந்தது. அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவரும் உழைத்து உருவாக்கிய வகைப்பாட்டுக்கு அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்தது. 1901இல் அது ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. இங்கே சென்னை மாகாணத்தில் 1911 முதல் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சாதிகளையே ரேகை வைக்கச் சொன்னது. மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. நாவலில் குற்றம் நடந்த பிறகு ரேகை தேடப்படுகிறது. இந்தச் சட்டத்தில் ரேகை முதலில் வாங்கப்பட்டது, குற்றம் பிறகு பொருத்தப்பட்டது. கோனன் டாயில் 1903இலேயே இதன் ஒரு நுனியைத் தொட்டார். 'நார்வுட் பில்டர்' கதையில் சுவரில் இருக்கும் ரத்த ரேகையைக் காட்டி இன்ஸ்பெக்டர் வெற்றிப் புன்னகை பூக்கிறார். அந்த ரேகை மெழுகுப் பதிவிலிருந்து போலியாக வைக்கப்பட்டது. முந்தைய நாள் அது அங்கே இல்லை என்பதை ஹோம்ஸ் கவனித்திருக்கிறார். வெகுஜனப் பிரதியும் தன் ஆதாரங்களைத் தானே சந்தேகிக்கும் இடம் இது. விமர்சகர் தேட வேண்டியது இத்தகைய இடங்களை.

மூன்றாவது: சந்தேகப் பட்டியலில் யார் இருக்கலாம்? 1928இல் அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று வேலைக்காரரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது. குற்றவாளி ஒரு பொருட்படுத்தத்தக்க ஆளாக இருக்க வேண்டுமாம். அடுத்த ஆண்டு ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் பத்துக் கட்டளைகள் எழுதினார். கதையில் சீனர் வரக் கூடாது என்றது ஒரு கட்டளை. மலிவான கதைகளில் வரும் சீன வில்லன்களைக் கேலி செய்யத்தான் எழுதினார் என்றாலும், எந்த வெறுப்பு எவ்வளவு சாதாரணமாகப் புழங்கியது என்பதற்கு அது சாட்சி. காகிதத்தில் வேலைக்காரர் குற்றவாளி ஆகும் தகுதி இல்லாதவர். ஆனால் வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் ஸ்டேஷனுக்கு இழுக்கப்படுவது யார் என்பது வாசகர்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மனநிலைதான். அறிவு தேவைப்படும் குற்றம் மேலே உள்ளவனுக்கு, அடி உதை கீழே உள்ளவனுக்கு.

5

நான்காவது கேள்வியைத் தனியாகப் பேச வேண்டும். கடைசியில் குற்றவாளி ஒப்புக்கொள்வது எதற்காக?

துப்பறிபவரின் வாதத்தில் எப்போதும் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அடைப்பது ஒப்புதல் வாக்குமூலம். 'ஆமாம், நான்தான் செஞ்சேன்' என்று ஒருவன் சொன்னதும் வாசகன் மூச்சு விடுகிறான். நூற்றுக்கணக்கான முறை இப்படி மூச்சு விட்டுப் பழகிய வாசகன்தான் மறுநாள் காலைப் பேப்பரில் 'கைதானவர் பரபரப்பு வாக்குமூலம்' என்ற தலைப்பைப் பார்க்கிறான். அவனுக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டமும் 23ஆம் பிரிவில் இதையே வைத்திருக்கிறது. ஒரு விலக்கு உண்டு. வாக்குமூலத்தின் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும். 'அவர் கொடுத்த தகவலின் பேரில் அரிவாள் கைப்பற்றப்பட்டது' என்று செய்திகள் முடிவது இதனால்தான். அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பது காலனிய அரசுக்கே தெரிந்திருந்தது. தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு இந்தத் தடுப்பை உடைத்தது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது. தடா 1995இல் காலாவதியானது. 2002இன் பொடா அதே வழியைத் திரும்பத் திறந்தது. 2004இல் அது நீக்கப்பட்டது.

ராஜீவ் கொலை வழக்கில் இது எங்கே கொண்டு போய் விட்டது என்று பார்க்கலாம். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றங்கள் இவ்வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் நின்றன. நான்கு பேருக்கு மரண தண்டனை உறுதியானது. அவர்களில் ஒருவர், 19 வயதில் கைதான பேரறிவாளன். ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டு வாங்கிக் கொடுத்ததாக அவர் வாக்குமூலம் சொன்னது. அவை எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று விடுதலை.

ஒரு வாக்கியம் விடுபட்டது. அந்த ஒரு வாக்கியம்தான் ஒரு கடைக்குப் போய் வந்த இளைஞனுக்கும் சதிகாரனுக்கும் இடையிலிருந்த வித்தியாசம். வாக்குமூலம் என்பது பேசியவனின் பிரதி அல்ல, எழுதியவனின் பிரதி. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு தேவையில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும். அந்த வாசிப்பை எங்கே பழகுவது? மாத நாவலின் கடைசி அத்தியாயத்தில் பழகலாம். அதைத்தான் மதிப்புரையாளர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

டூரன்மாட் 1958இல் எழுதிய 'வாக்குறுதி'யில் ஒரு தெருவியாபாரி இருபது மணி நேரத்துக்கும் மேலான விசாரணைக்குப் பிறகு ஒரு சிறுமியின் கொலையை ஒப்புக்கொள்கிறான். பிறகு தூக்கில் தொங்குகிறான். ஊர் நிம்மதியடைகிறது. இன்ஸ்பெக்டர் மத்தேய் மட்டும் நம்பவில்லை. அவர் ஊகம் சரி, விரித்த பொறியும் சரி. ஆனால் உண்மையான கொலையாளி வரும் வழியில் கார் விபத்தில் செத்துப்போகிறான். மத்தேய் காத்திருந்தே சிதைகிறார். சியாசாவின் 'ஆந்தையின் பகல்' (1961) நாவலில் கேப்டன் பெல்லோடிக்குக் கொலைக்குப் பின்னால் இருப்பவர்கள் யாரென்று தெரியும். ஆனால் மாஃபியாவும் அரசியலும் சேர்ந்து சாட்சியம் தயாரிக்கின்றன, வழக்கு காதல் விவகாரமாக மாற்றப்படுகிறது. இவை முடிவை முடிக்க மறுக்கும் நாவல்கள். இவற்றின் அருமையை முடிவைச் சொல்லாமல் எப்படி விளக்குவது?

6

நம்முடைய மாத நாவல்களுக்கு வருவோம். ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. அதைப் பற்றி 'வணிக எழுத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் நாம் அதிகம் எழுதவில்லை. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள், போலீஸ்காரர்கள் அல்ல. ஸ்டேஷனுக்கு வெளியே நின்று கேள்வி கேட்கும் இடம் அது. அந்த இடத்தை ஒவ்வொரு நாவலும் எவ்வளவு தூரம் பயன்படுத்துகிறது? ராஜேஷ்குமாரின் பல நாவல்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடி, கடைசியில் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. நகரத்தில் எவர் வாழ்வும் எவர் வாழ்வோடும் பின்னப்பட்டிருக்கிறது என்று சொல்லக்கூடிய வடிவம் அது. அந்தச் சந்திப்பு ஒரு சமூக உறவைத் திறந்து காட்டுகிறதா, அல்லது யாரோ ஒருவரின் பேராசை என்று சுருக்கி மூடிவிடுகிறதா? இதை நாவல் நாவலாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொத்தமாகத் திட்டுவது சுலபம், மொத்தமாகப் பாராட்டுவதும் சுலபம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அரசியல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் வேலை இது அல்ல. தடயத்தை வாசகன் கண்ணெதிரே வைத்தே மறைப்பது கடினமான தொழில்நுட்பம். கிறிஸ்டிக்கு அது கைவந்தது. அந்தக் கைத்திறன் எங்கே நம் பார்வையைத் திருப்பியது, திருப்பியதால் யாரைப் பார்க்காமல் விட்டோம் என்று கேட்பதில்தான் ரசனையும் அரசியலும் சேர்கின்றன.

ஆக, மதிப்புரையாளர்களுக்கு ஒரு யோசனை. புதிய நாவலின் அறிமுகக் குறிப்பு எழுதுகிறீர்களா, முடிவைச் சொல்ல வேண்டாம். விமர்சனம் எழுதுகிறீர்களா, முதல் பத்தியிலேயே 'இதில் முடிவு பேசப்படுகிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டு, கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். யார் ஒப்புக்கொண்டார், யார் முன்னால், அதை யார் எழுதினார், எந்த வாக்கியம் விடுபட்டது என்று கேளுங்கள். நாவலில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாதவர்கள் பேப்பரிலும் கேட்கப் போவதில்லை.